ஸ்டோரி பாயிண்ட்: வைத்துக்கொள்வதா, தூக்கிவிடுவதா?

கோட்எழுதி
எங்கள் புராஜெக்டில் நாலைந்து டீம்கள். ஒவ்வொரு ஸ்டோரியும், அதாவது ஒவ்வொரு வேலையும், எவ்வளவு பெரியது என்று டீம் போடும் எண்தான் ஸ்டோரி பாயிண்ட். ஒரு ஸ்பிரிண்டில் (சில வாரச் சுற்றில்) டீம் முடிக்கும் மொத்தப் பாயிண்ட் வெலாசிட்டி. சமீபத்தில் எல்லா டீமின் வெலாசிட்டியையும் ஒரே ஸ்லைடில் வரிசையாகப் போட்டு மேனேஜ்மென்ட் மீட்டிங்கில் காட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். "அவங்க 60 முடிக்கிறாங்க, நீங்க ஏன் 35லயே நிக்கிறீங்க?" என்று கேள்வி. அதற்குப் பிறகு, முன்பு 3 போட்ட வேலைக்கு எல்லோரும் 5 போடுகிறார்கள். 5 போட்டதற்கு 8. வேலை அதே வேலைதான். கிராஃப் ஏறுகிறது, ஆனால் பயனாளர் கைக்குப் போய்ச் சேர்வதில் ஒன்றும் கூடவில்லை.

என்னைக் கேட்டால் ஸ்டோரி பாயிண்ட்டை அடியோடு எடுத்துவிட வேண்டும். 2020இல் வந்த ஸ்க்ரம் கைடை (டீம் வேலையைச் சுற்றுச் சுற்றாக நடத்தும் ஸ்க்ரம் முறையின் கையேடு) எடுத்துப் பாருங்கள், ஸ்டோரி பாயிண்ட் என்ற பேச்சே அதில் இல்லை. வெலாசிட்டியும் இல்லை. பிறகு ஏன் அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

கோவை_ஸ்க்ரம்மாஸ்டர்
ஸ்க்ரம் கைடில் இல்லை என்பதெல்லாம் ஒரு வாதமா நண்பரே? கோட் ரிவ்யூவும் அதில் இல்லை, ஆட்டோமேஷன் டெஸ்ட்டும் இல்லை. நாம் செய்துகொண்டுதானே இருக்கிறோம்? "நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், தடை என்ன" என்ற மூன்று கேள்வியையும் அதே 2020 பதிப்பில்தான் எடுத்தார்கள். உங்கள் தினசரி ஸ்டாண்டப் மீட்டிங்கில் அது நின்றுவிட்டதா?

நீங்கள் சொல்லும் கோளாறு அந்த ஸ்லைடில் இருக்கிறது. ஒரு டீமின் 5 இன்னொரு டீமின் 5 ஆகாது. அது அந்த டீம் தனக்குள் பேசி வைத்துக்கொண்ட அளவு. அதை ஒப்பிட்டவரிடம் போய்ச் சண்டை போடுங்கள், நானும் கூட வருகிறேன்.

பக்_பிடிப்பவள்
டெஸ்டிங் பக்கம் இருந்து ஒன்று சொல்கிறேன். எங்கள் டீமில் லாகினுக்கு ஓடிபி சேர்க்கும் ஸ்டோரி வந்தது. எஸ்டிமேஷனில், அதாவது பாயிண்ட் போடும் மீட்டிங்கில், டெவலப்பர்கள் எல்லோரும் 3 காட்டினார்கள், நான் 13 காட்டினேன். "ஏன்?" என்றார்கள். ஓடிபி காலாவதியானால் என்ன மெசேஜ் வரும்? மறுபடி அனுப்பச் சொன்னால் பழைய ஓடிபி செல்லுமா செல்லாதா? எத்தனை முறை தப்பாகப் போட்டால் கணக்கை லாக் செய்வது? எஸ்எம்எஸ் அனுப்பும் கேட்வே டெஸ்ட் சூழலில் கிடையாது, எதை வைத்துச் சோதிப்பது? இதில் ஒன்றுக்குக்கூட ஸ்டோரியில் பதில் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்யும் புராடக்ட் ஓனர் அன்றே உட்கார்ந்து எழுதினார், ஸ்டோரி மூன்றாகப் பிரிந்தது. அந்த 3க்கும் 13க்கும் இருந்த இடைவெளிதான் இதை வெளியே கொண்டுவந்தது. எண் இல்லையென்றால் எல்லோரும் தலையாட்டிவிட்டு, ஸ்பிரிண்ட் கடைசி நாளில் என் தலையில் கட்டியிருப்பார்கள்.

கோட்எழுதி
தோழி, நீங்கள் சொல்வது பேச்சின் பலன், எண்ணின் பலன் இல்லை. அதே கேள்விகளை எண் இல்லாமலே கேட்கலாமே.

இந்தப் பாயிண்ட் வந்த கதையும் தெரிந்திருக்க வேண்டும். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற மென்பொருள் உருவாக்கும் முறையின் ஆட்கள் முதலில் நாள் கணக்கில்தான் மதிப்பிட்டார்கள்: தொந்தரவே இல்லாமல் உட்கார்ந்தால் எத்தனை நாள் என்று. உண்மையில் அதைப்போல மூன்று மடங்கு ஆகும். "ஒரு நாள் வேலைக்கு ஏன் மூன்று நாள்?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி மாளாமல்தான் "நாள்" என்பதை எடுத்துவிட்டுப் "பாயிண்ட்" என்றார்கள். அந்தக் குழுவில் இருந்த ரான் ஜெஃப்ரீஸ், தானே அதைக் கண்டுபிடித்திருக்கலாம், அப்படியானால் அதற்கு வருந்துகிறேன் என்று பின்னாளில் எழுதினார். டீம்களை ஒப்பிடுவது, எஸ்டிமேட்டை வைத்து நெருக்குவது இவைதான் அவருடைய குறையும்.

கோவை_ஸ்க்ரம்மாஸ்டர்
எண் இல்லாமல் கேட்கலாம்தான். யார் கேட்பார்கள்? சீனியர் "இது ஈஸி, ரெண்டு நாள்" என்று வாயைத் திறந்துவிட்டால் போன வருடம் சேர்ந்த பெண் அதற்கு மேல் பேசுவாளா? நம் ஊர் டீம்களில் "அண்ணா, எனக்கு அப்படித் தோணல" என்று சொல்லவே ஒரு துணிச்சல் வேண்டும். 2002இல் ஜேம்ஸ் கிரென்னிங் பிளானிங் போக்கரை, அதாவது எண் எழுதிய கார்டைக் காட்டி மதிப்பிடும் முறையைக் கொண்டுவந்ததே, இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்க மற்றவர்கள் ஒதுங்கிப் போகிற மீட்டிங்கைப் பார்த்துத்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் கார்டைத் திருப்பும்போது அவளுடைய 8ம் சீனியரின் 2ம் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். காரணத்தைக் கேட்டே ஆக வேண்டும். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஃப்ரெஷர்_இருபத்திமூன்று
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் அப்ரைசலில் தனிநபர் பாயிண்ட்டையே பார்க்கிறார்கள். வேலைகளைப் பதிவு செய்யும் ஜிரா மென்பொருளில் ஸ்டோரி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் பாயிண்ட். பக்கத்து சீட் அக்கா ஒரு நாள் மதியம் முழுக்க என்னோடு உட்கார்ந்து, டேட்டாபேஸ் கனெக்‌ஷன் மூடாமல் கசிந்துகொண்டிருந்ததைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். ஸ்டோரி என் பெயரில், பாயிண்ட்டும் எனக்கு. அவருக்கு அந்த மதியம் பூஜ்யம். அப்புறம் அவரிடம் சந்தேகம் கேட்கவே எனக்குக் கூசுகிறது.

கோட்எழுதி
இதைத்தான் சொல்கிறேன். எண் என்று ஒன்று இருந்தால் யாராவது அதைத் தூக்கிக்கொண்டுபோய் அப்ரைசலில் வைப்பார்கள். டீமுக்குள்ளேயே இருக்கும் எண்ணை நான் எந்த புராஜெக்டிலும் பார்த்ததில்லை.

டெலிவரி_சென்னை
மேனேஜர் பக்கத்து நியாயத்தை யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். தனிநபர் பாயிண்ட் அப்ரைசல் தப்பு. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அமெரிக்க சில்லறை வணிக க்ளையன்ட்டுக்கு நவம்பரில் நன்றி தெரிவிக்கும் நாளுக்கு முன்பே கோட் ஃப்ரீஸ் (கோடை மாற்றத் தடை) வந்துவிடும். அந்த வாரம்தான் அவர்களுக்கு உச்ச விற்பனை, யாரும் புரொடக்‌ஷனில் கை வைக்க முடியாது. ஆகஸ்டிலேயே கேட்பார்கள்: "புது பேமென்ட் பக்கம் ஃப்ரீஸுக்கு முன்னால் வருமா?" என்று. "நாங்கள் அஜைல் (சிறிது சிறிதாகச் செய்து திருத்திக்கொண்டே போகும் முறை), தேதி சொல்ல மாட்டோம்" என்றால் அடுத்த ஒப்பந்தம் வேறு கம்பெனிக்குப் போகும். மீதிப் பாயிண்ட்டை வெலாசிட்டியால் வகுத்து ஏதோ ஒரு பதில் சொல்கிறேன். அதையும் பிடுங்கிக்கொண்டால் நான் எதை வைத்துப் பேசுவது?

கோட்எழுதி
சார், ஸ்டோரி எண்ணிக்கையை வைத்துப் பேசுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று நாளில் முடியும் அளவுக்கு வெட்டிவிட்டு, கடந்த ஸ்பிரிண்ட்களில் எத்தனை முடிந்தது என்று பாருங்கள். மோசமான ஸ்பிரிண்ட் வேகத்தில் போனால் இந்தத் தேதி, நல்ல ஸ்பிரிண்ட் வேகத்தில் போனால் அந்தத் தேதி. இப்போது நீங்கள் கொடுக்கும் தேதி, பழைய எண்ணை, ஸ்லைடுக்காக ஊதிப் பெருக்கிய எண்ணால் வகுத்து வருவது. போன மாதம் 3 போட்டு வைத்த பேக்லாக்கை (செய்ய வேண்டிய வேலைப் பட்டியலை) இந்த மாதம் 5 போடும் டீமின் வெலாசிட்டியால் வகுத்தால், உண்மையைவிட சீக்கிரமான தேதிதான் கிடைக்கும். பிறகு அந்தத் தேதிக்காக இரவு உட்காருவது நாங்கள்.

பக்_பிடிப்பவள்
எண்ணிக்கையையும் ஊத முடியும். ஒரு ஃபார்மில் பெயர்க் கட்டத்துக்கு ஒரு ஸ்டோரி, முகவரிக் கட்டத்துக்கு ஒரு ஸ்டோரி என்று வெட்டியதை நான் பார்த்திருக்கிறேன். சேவ் பட்டன் வரும்வரை எதையுமே டெஸ்ட் செய்ய முடியவில்லை.

டெலிவரி_சென்னை
கோட்எழுதி கடைசியாகச் சொன்ன அந்தக் கணக்கு என்னை யோசிக்க வைக்கிறது. வரம்பாகத் தேதி கொடுப்பதை க்ளையன்ட்டிடம் நான் பேசிக்கொள்கிறேன், ஒப்பிடும் ஸ்லைடையும் என் புராஜெக்டில் நிறுத்திவிடலாம். பாயிண்ட்டை எடுக்க மட்டும் இப்போது சம்மதிக்க மாட்டேன். எங்கள் பேக்லாக்கில் "ரீஃபண்ட் மாட்யூல்" என்று ஒற்றை வரியில் ஒரு ஸ்டோரி மாதக்கணக்காகக் கிடக்கிறது. அதை எண்ணிக்கையில் ஒன்று என்று வைத்துக்கொண்டு நான் எந்தத் தேதியைச் சொல்ல முடியும்? முதலில் உட்கார்ந்து வெட்டிக் கொடுங்கள், அப்புறம் எண்ணுவோம்.

கோட்எழுதி
வெட்டித் தருகிறோம் சார். அதற்கு புராடக்ட் ஓனர் எங்களோடு உட்கார வேண்டும், இரவு ஏழரை மணி கான்ஃபரன்ஸ் காலில் பத்து நிமிடம் போதாது. அந்த நேரத்தை வாங்கித் தருவது உங்கள் கையில் இருக்கிறது.