தமிழ்த் தேடலுக்குத் திருத்தம் அனுப்பினேன், மூன்று வாரமாகச் சிவப்புக் குறி: நிராகரித்துவிட்டார்களா?

உசிலை மாணவன்:
வணக்கம். எம்.சி.ஏ. கடைசி வருடம் படிக்கிறேன். உசிலம்பட்டியிலிருந்து தினமும் மதுரைக்கு பஸ். எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்காகப் புத்தகப் பட்டியல் வைக்கும் ஒரு திறமூல மென்பொருளை (நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம்) நிறுவிக் கொடுத்தேன். அதில் 'கொட்டாம்பட்டி' என்று தேடினால் சில புத்தகங்கள் வரும், சில வராது.

தோண்டிப் பார்த்ததில் காரணம் கிடைத்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் கணினியில் ஓர் எண் கொடுக்கும் முறைதான் யூனிகோடு. 'கொ' என்பதை அதில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறி முழுவதும் ஒரே குறியீடாக இருக்கலாம், அல்லது ஒற்றைக்கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் இருக்கலாம். திரையில் ஒன்றுபோலத்தான் தெரியும், கணினிக்கு வேறு வேறு. தேடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும்படி ஆறு வரி எழுதி, 'இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று அந்தத் திட்டத்துக்குக் கேட்கும் புல் ரெக்வெஸ்ட் அனுப்பினேன்.

மூன்று வாரம் ஆகிறது. 'டி.சி.ஓ.' என்ற இடத்தில் சிவப்புக் குறி நிற்கிறது. 'டெஸ்ட் சேர்க்க முடியுமா?' என்று, அதாவது திருத்தம் வேலை செய்கிறதா என்று சோதிக்கும் சிறு நிரல் கேட்டு, ஒருவர் ஒரு வரி எழுதினார், அப்புறம் யாரையும் காணோம். மூடிவிட்டுப் புதிதாக அனுப்பு, இல்லையென்றால் நிறுவனருக்கே மெயில் போடு என்கிறான் நண்பன். இதுதான் முதல் முறை. மனசு ஒடிந்துபோய் இருக்கிறது.

சிம்மக்கல் நிரலர்:
தம்பி, யாரும் நிராகரிக்கவில்லை. சிவப்புக் குறி போட்டது மனிதர் இல்லை, ஒரு பாட், அதாவது தானாக ஓடும் நிரல். 'இதை நான் எழுதினேன், இந்த உரிமத்தில் கொடுக்க எனக்கு உரிமை உண்டு' என்று நீங்கள் தரும் உறுதிமொழிதான் டி.சி.ஓ. 2003-இல் எஸ்.சி.ஓ. நிறுவனம், தன் நிரல் லினக்ஸுக்குள் போய்விட்டது என்று ஐ.பி.எம். மேல் வழக்குப் போட்டது. எந்த வரி யாரிடமிருந்து வந்தது என்று காட்ட ஒரு வழி தேவைப்பட்டது. 2004-இல் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இந்த முறையைக் கொண்டுவந்தார். பிறகு மற்ற பல திட்டங்களும் எடுத்துக்கொண்டன. ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும்போது (அதுதான் கமிட்) எழுதும் செய்தியின் கடைசியில் 'சைன்ட் ஆஃப் பை' என்று உங்கள் பெயரும் மின்னஞ்சலும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உசிலை மாணவன்:
அந்த வரி இருக்கிறதே அண்ணே. கையாலேயே தட்டினேன்.

சிம்மக்கல் நிரலர்:
எந்தக் கணினியிலிருந்து அனுப்பினீர்கள்? மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளின் லாகில் (பதிவேட்டில்) ஆத்தர், அதாவது எழுதியவர், வரியைப் பாருங்கள்.

உசிலை மாணவன்:
கல்லூரி லேப். இப்போதுதான் பார்க்கிறேன், ஆத்தர் இடத்தில் போன வருடம் படித்து முடித்த ஒரு சீனியருடைய பெயரும் மெயிலும் இருக்கிறது! கீழே சைன் ஆஃபில் என் பெயர்.

சிம்மக்கல் நிரலர்:
அதுதான் விஷயம். எழுதியவர் ஒருவர், கையெழுத்து இன்னொருவர் என்றால் பாட் ஏற்காது. அந்த ரெப்போவுக்கு (திட்டத்தின் நிரல் தொகுப்புக்கு) மட்டும் கிட் கான்ஃபிக்கில், அதாவது அமைப்புகளில், உங்கள் பெயர், மின்னஞ்சல் போடுங்கள். பொதுக் கணினியில் எல்லா ரெப்போவுக்கும் பொருந்தும் குளோபல் அமைப்பு வேண்டாம், நாளைக்கு அடுத்த பிள்ளை மாட்டிக்கொள்ளும். பிறகு அமெண்ட் (பழைய கமிட்டைத் திருத்த), ரீசெட் ஆத்தர் (எழுதியவர் பெயரை மாற்ற), சைன் ஆஃப் (கையெழுத்து வரி சேர்க்க) மூன்றையும் சேர்த்து ஒரே கமிட் கட்டளையாகக் கொடுங்கள். பழைய சைன் ஆஃப் வரியில் எழுத்துப்பிழை இருந்தால் அழித்துவிடுங்கள். கமிட் மாறிவிட்டதால் சாதாரண புஷ் (அனுப்பும் கட்டளை) போகாது. ஃபோர்ஸ் வித் லீஸ் போட்டு அதே கிளைக்கு அனுப்புங்கள், இடையில் வேறு யாரும் எதுவும் சேர்க்காதிருந்தால் மட்டும் பழையதை அது மாற்றும். மூடிவிட்டுப் புதிதாகத் திறக்காதீர்கள், நடந்த பேச்செல்லாம் பழைய இடத்திலேயே தங்கிவிடும்.

திருநகர் அக்கா:
சிவப்புக் குறிக்கு அண்ணன் வழி சொல்லிவிட்டார். மூன்று வார மௌனத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

அங்கே யார் முடிவெடுக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். ஊருக்கு ஒரு வழக்கம் மாதிரிதான். பைத்தான் நிரல் மொழியில் 2018 வரை கடைசி வார்த்தை அதை உருவாக்கிய கைடோ வான் ராசமுடையது. அவர் விலகிய பிறகு, மைய நிரலாளர்கள் தேர்ந்தெடுக்கும் ஐவர் குழு 2019-இல் வந்தது. லினக்ஸ் வகையான டெபியனுக்கு 1998 முதல் எழுதிவைத்த அரசியலமைப்பே உண்டு, வருடா வருடம் தலைவர் தேர்தல் நடக்கும். அதே சட்டம் யாரையும் வேலை செய்யக் கட்டாயப்படுத்த முடியாது என்றும் சொல்கிறது. இதை நினைவில் வையுங்கள். நிறுவனருக்குத் தனியாக மெயில் போட்டாலும் அவர் இன்னொருவரை உட்காரவைத்து உங்கள் நிரலைப் படிக்கச் சொல்ல முடியாது.

எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு கோஹாவில் இருக்கிறது. அதுவும் நூலக மென்பொருள்தான். ஒருவர் எழுதிய திருத்தத்தை இன்னொருவர் ஓட்டிப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும், அப்புறம் தர சோதனைக் குழு, அதற்கும் பிறகுதான் வெளியீட்டு மேலாளர். அந்த முதல் ஒப்புதலுக்கு நிரல் தெரிந்திருக்கத் தேவையில்லை, தினமும் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் நூலகரே செய்யலாம். ஒரு சமூகம் புதியவர்களை உள்ளே அழைப்பது என்றால் இப்படி இருக்க வேண்டும்.

உங்கள் திட்டத்தில் பங்களிப்பு வழிகாட்டி, பராமரிப்பாளர் பட்டியல் என்று கோப்புகள் இருக்கும். தேடல் பகுதி யார் பொறுப்பில் இருக்கிறது என்று பார்த்து, அதே புல் ரெக்வெஸ்டில் அவரைக் குறிப்பிட்டுப் பணிவாக ஒரு தடவை கேளுங்கள்.

இன்னொன்று. டெஸ்ட் கேட்டவருக்குத் தமிழ் தெரியாது. அவர் கண்ணுக்கு இரண்டு கொட்டாம்பட்டியும் ஒன்றுதான், நீங்கள் எதைச் சரிசெய்தீர்கள் என்றே புரிந்திருக்காது. டெஸ்டில் எழுத்தாக எழுதாமல் யூனிகோடு எண்களாக எழுதுங்கள். ஒகரக் குறிக்கு ஒன்றில் ஒரு எண், மற்றதில் இரண்டு எண் என்று பளிச்சென்று தெரியும். மலையாளத்திலும் வங்காளத்திலும் இதே சிக்கல் உண்டு, அதையும் ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள்.

முதல் தடவை வந்த பிள்ளையைச் சிவப்புக் குறியோடு மூன்று வாரம் விட்டுவைத்தது சரியில்லை, அதையும் சொல்லியே ஆக வேண்டும். பொதுக் கணினிச் சிக்கலை வழிகாட்டியில் ஒரு பத்தியாகச் சேர்த்து அனுப்புங்கள் தம்பி. அதுவும் பங்களிப்புதான்.

உசிலை மாணவன்:
நான்கு நாள் கழித்து வருகிறேன். பச்சை ஆகிவிட்டது! டெஸ்ட் இரண்டு எழுதினேன், ஒன்று கொட்டாம்பட்டி, இன்னொன்று சோழவந்தான். 'சோ'விலும் இரட்டைக்கொம்பும் கால்குறியும் பிரிந்து வருகிறது அண்ணே. தேடல் பகுதியைப் பார்ப்பவர் அன்று இரவே பதில் போட்டார், எண்களைப் பார்த்த பிறகுதான் புரிந்தது என்றார். வங்காளி ஒருவர் வந்து, தங்கள் நூலகத்திலும் இதே தொல்லை என்று சொல்லி, தன் மொழிக்கு ஒரு டெஸ்ட் கொடுத்திருக்கிறார். அதையும் சேர்த்துவிட்டேன். இரண்டாவது ஆள் பார்க்க வேண்டும், அங்கே இரண்டு பேர் ஒப்புதல் வேண்டுமாம். வழிகாட்டிப் பத்தியை இன்று பஸ்ஸில் எழுத ஆரம்பித்தேன். முடித்ததும் இங்கே போடுகிறேன் அக்கா, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்.