பாலிசைத்தீமியா இருப்பவர் கல்யாண வீட்டில் ஒரு பீர் குடிக்கலாமா?

கோவைக்காரன்46:
வணக்கம். போன வருஷம் எனக்குப் பாலிசைத்தீமியா வேரா (எலும்பு மஜ்ஜை ரத்தச் சிவப்பணுக்களை அளவுக்கு மீறி உண்டாக்கி, ரத்தம் கெட்டியாகிற வியாதி) என்று தெரிந்தது. அதற்கான ஜேஏகே2 மரபணு மாற்றம் பாசிட்டிவ். ரத்த அணுக்களைக் குறைக்க ஹைட்ராக்ஸியூரியாவும், ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரின் 75 மி.கி.யும் ஓடுகிறது. பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 45 சதவீதத்தைத் தாண்டினால் ஒரு பை ரத்தம் எடுத்துவிடுவார்கள். மே மாதம் மதுரையில் மச்சினன் கல்யாணம். "உங்களுக்கு ரத்தம்தானே கெட்டி, ரெண்டு பெக் போட்டா தண்ணியாயிடும்" என்கிறார் சகலை. எனக்கு ஒரு பீர் போதும். டாக்டரிடம் கேட்கலாம் என்றால் பக்கத்திலேயே மனைவி. இங்கே யாராவது குடிக்கிறீர்களா?

தஞ்சை_ராசு:
சகலை பேச்சை நம்பாதீங்க சார். சரக்கு ரத்தத்தைத் தண்ணியாக்காது, உடம்பில் இருக்கிற தண்ணியை மூத்திரமாக வெளியே தள்ளும். மறுநாள் காலையில் பிசிவி ஏறித்தான் நிற்கும். அதுவும் மே மாத மதுரை, மண்டபத்து வியர்வை வேறு! அந்த 45 சும்மா வைத்த கணக்கில்லை. 2013-ல் வெளியான இத்தாலிய ஆய்வில், 45-க்குக் கீழே வைத்தவர்களைவிட 45-50 வரை விட்டவர்களுக்கு இதயநோய் மரணம், பெரிய ரத்தக்கட்டு இரண்டும் சேர்த்து கிட்டத்தட்ட நாலு மடங்கு.

அப்புறம் ஆஸ்பிரின். அதோடு சரக்கும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

நான் டாக்டரிடம் நேராகவே கேட்டேன். எப்போதாவது விசேஷத்துக்கு ஒன்று, சாப்பிட்ட பிறகு, தண்ணீர் நிறைய என்றார். அது என் ஈரல் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொன்னது. உங்கள் அளவை உங்கள் டாக்டர்தான் சொல்லணும். வீட்டம்மாவை மருந்துக்கடைக்கு அனுப்பிவிட்டுக் கேளுங்க.

நெல்லை_அண்ணாச்சி:
எனக்கு ஈரல் ரத்தக்குழாயிலேயே ரத்தக்கட்டு வந்துவிட்டது தம்பி. இந்த வியாதியில் அது நடக்கும். அப்படி வந்தவன் ஒரு சொட்டுகூடத் தொடக் கூடாது. அது போக, பீர் என்கிறீர்களே, யூரிக் ஆசிட் பார்த்தீர்களா? நம்ம வியாதிக்கே அது ஏறும், பீர் இன்னும் ஏற்றிவிடும். ராத்திரி கால் கட்டைவிரல் வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகும்.

கோவைக்காரன்46:
ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். யூரிக் ஆசிட் 8.4. பீர் போச்சு. மற்றதை அடுத்த தடவை ரத்தம் எடுக்கப் போகும்போது டாக்டரிடம் கேட்டுக்கொள்கிறேன். ராசு சார் எழுதியதை அப்படியே சகலைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்தது, பதிலைக் காணோம்.