ரிலே மின் விநியோகப் பெட்டி: விசிறியை நிறுத்தினால் ஈஎஸ்பி32 மீளத் தொடங்குகிறது

மட்டக்களப்பு, கல்லடியிலுள்ள கணினி வகுப்பொன்றுக்காக, 230 வோல்ட் மின்சாரத்தை எட்டு வழிகளாகப் பிரித்து மென்பொருளால் கட்டுப்படுத்தும் பெட்டியொன்றை ஈஎஸ்பி32 (சிறு கட்டுப்பாட்டுக் கணினிப் பலகை), எட்டு வழி 5 வோல்ட் ரிலே (மின்காந்தச் சுருளால் இயங்கும் சுவிட்ச்) பலகை ஆகியவற்றைக் கொண்டு அமைத்துள்ளேன். கணினிகளால் சிக்கலில்லை, சென்ற மாரிக்குப் பின் சுவர் விசிறியை இணைத்தது முதல், அதை நிறுத்தும் கணத்தில் ரிலேக்குள் நீலப் பொறி தெறித்து, ஈஎஸ்பி32 மீளத் தொடங்கி, எல்லா வழிகளும் அணைந்துவிடுகின்றன.

ரிலே பலகையில் சுருள்களின் மின்வழியைக் கட்டுப்பாட்டுப் பகுதியின் மின்வழியோடு இணைக்கும் ஜேடி-விசிசி ஜம்பரைக் கழற்றி ரிலே சுருள்களுக்குத் தனி மின்வழங்கி கொடுத்தேன்; ஈஎஸ்பி32-இன் 3.3 வோல்ட் மின்வழியில் 470 மைக்ரோஃபரட் மின்தேக்கி சேர்த்தேன். கோளாறு குறைந்ததே தவிர நிற்கவில்லை. விசிறியைக் கழற்றினால் அதே ரிலே ஒழுங்காக இயங்குவதால், மென்பொருளை நான் சந்தேகிக்கவில்லை.

100 ஓம், 0.1 மைக்ரோஃபரட் எக்ஸ்2 (மின்னிணைப்புக்கு ஏற்ற பாதுகாப்பு வகை மின்தேக்கி) ஸ்னப்பரை, அதாவது பொறியை அடக்கும் மின்தடை-மின்தேக்கி இணைப்பை, ரிலே தொடுமுனைகளுக்குக் குறுக்கே இட்டால், அணைத்த பின்னும் ஏறத்தாழ 7 மில்லி அம்பியர் கசியும் என்பதால் தயங்குகிறேன். அதை விசிறியின் முனைகளுக்குக் குறுக்கே இட்டாலே போதுமா?