ஆகஸ்ட்டில எந்தக் கடல்?

குழு: கொக்குவில் வீட்டார்

வாசுகி (லண்டன்) – இரவு 8.52
எல்லாருக்கும் வணக்கம். டிக்கெட் போட்டாச்சு. ஆகஸ்ட்டில ஒன்பது நாள் யாழ்ப்பாணத்தில நிப்பம். போனமுறை மாதிரி வீடு வீடா இருந்து பற்றீசும் ரோல்சும் திண்டுபோட்டு வரேலாதாம், பிள்ளையள் சொல்லிப்போட்டினம். மூண்டு கடல் பயணம் வேணுமாம். நாகபட்டினம், நெடுந்தீவு, நயினாதீவு. செய்யலாமோ?

தர்சன் – 8.53
ஒன்பது நாளில மூண்டோ அக்கா? நல்லூர்த் திருவிழாவும் கிடக்கு

குகன் மாமா – 8.58
மூண்டும் மூண்டு விதம் பிள்ளை. ஒண்டு வெளிநாடு. ஒண்டு கோயில். நெடுந்தீவு எண்டா வேலைக்குப் போற ஆக்களின்ர படகில நாங்கள் தொத்திக்கொண்டு போறது.

சுதா சித்தி – 9.04
காங்கேசன்துறையில இருந்து நாகபட்டினம் போற கப்பலில நானும் சித்தப்பாவும் வேளாங்கண்ணி நேர்த்திக்குப் போனனாங்கள். நல்ல கப்பல். ஏசி, கதிரை எல்லாம் சொகுசு பஸ் மாதிரி. கடலில நாலு மணித்தியாலம் மட்டில. ஆனா துறைமுகத்தில நிண்ட நேரத்தை ஒருத்தரும் சொல்லமாட்டினம். இஞ்ச ஒருக்கா பாஸ்போட், அங்க ஒருக்கா பாஸ்போட், ரெண்டு கரையிலயும் பையைத் திறந்து காட்டு. வீட்டால வெளிக்கிட்டதில இருந்து நாகையில தேத்தண்ணி குடிக்கிறதுக்குள்ள முழு நாளும் போச்சு.

வாசுகி – 9.06
அங்கால இறங்கினா தஞ்சாவூரும் பாக்கலாமெண்டு நினைச்சன் சித்தி

சுதா சித்தி – 9.07
பாக்கலாம். நாகூர், வேளாங்கண்ணி எல்லாம் கிட்ட. ஆனா ஆளாளுக்கு இந்திய விசா வேணும், பிள்ளையளுக்கும்தான். திரும்பி இலங்கைக்குள்ள வர உங்கட விசா செல்லுமோ எண்டும் பாக்கோணும்.

குகன் மாமா – 9.13
அதைவிடப் பெரிய விசயம், கப்பல் நிண்டா என்ன செய்வியள்? 2023 ஒக்ரோபர் 14 பெரிய எடுப்பில தொடங்கினது, ஒரு கிழமையில நிண்டுபோச்சு. பிறகு 2024 ஆகஸ்ட் 16 தான் திரும்ப ஓடினது. அதுக்குப் பிறகும் மாரியில நிப்பாட்டினவை. நான் குறை சொல்லேல்லை, கடல் அப்பிடி. லண்டன் பிளைட்டுக்கு ரெண்டு நாள் இருக்கேக்க நீ நாகையில நிண்டு காத்துப் பாத்துக்கொண்டிருக்கப் போறியோ?

அம்மா – 9.20
நாங்கள் தலைமன்னாருக்குக் கோச்சியில போய் இராமானுஜம் கப்பல் ஏறி இராமேஸ்வரம் போனனாங்கள். அப்பா கட்டுச்சோறு கொண்டு வந்தவர். நான் முழுக்கச் சத்தி

தர்சன் – 9.20
😂😂

அம்மா – 9.21
என்ன சிரிப்பு

வாசுகி – 9.24
சரி, நாகபட்டினத்தை விடுவம். இவரும் விசாக் காசைக் கேட்டவுடன முகத்தைச் சுழிச்சிட்டார். ஆனா நெடுந்தீவுக் குதிரையைக் காட்டாட்டி சின்னவன் என்னை விடமாட்டான்.

குகன் மாமா – 9.41
நெடுந்தீவு எண்டா நான் சொல்லுறதைக் கேள். ஆறு வருசம் அங்க படிப்பிச்சனான். குறிகட்டுவான் இறங்குதுறையில இருந்து ஒரு மணித்தியாலம் எண்டு சொல்லுவினம். ஆகஸ்ட் சோழகக் காத்து, அதான் தென்மேற்குக் காத்து நேரம். அந்த ஒரு மணித்தியாலம் மாசியில வேற, ஆவணியில வேற. படகின்ர மூக்கு எழும்பி விழேக்க பின்னால இருக்கிறவனுக்கு ஒண்டும் தெரியாது, முன்னால இருக்கிறவனுக்குக் குடல் வாய்க்கு வரும். ஏறினவுடன நடுவிலயோ பின்னாலயோ இடம் பிடி. படம் எடுக்க ஆசைப்பட்டு முன்னுக்குப் போகாதேங்கோ.

குகன் மாமா – 9.44
திங்கள் காலமையும் வெள்ளி பின்னேரமும் வேண்டாம். ரீச்சர்மார், நேர்ஸ்மார், கந்தோர்க்காரர் போய்வாற நேரம். அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், மோட்டர்சைக்கிள் எல்லாம் அதுக்குள்ளதான். அவையின்ர இடத்தில போய்க் குந்திக்கொண்டு செல்ஃபி எடுக்கிறது எனக்குப் பிடிக்காது. செவ்வாய், புதன் போங்கோ.

தர்சன் – 9.46
மாமா, திரும்பி வாற படகை விட்டா?

குகன் மாமா – 9.47
விட்டா அங்கதான் படுக்கை. அதுதான் முதல் வேலையா, இறங்கினவுடன திரும்புற படகு எத்தினை மணிக்கெண்டு துறையிலயே கேக்கோணும். குதிரையெல்லாம் பிறகு. ஆட்டோவோ பிக்கப்போ பிடிச்சா கோட்டை, பெருக்குமரம், புறாக்கூடு எல்லாம் சுத்திப்போட்டு வரலாம். முருகைக்கல் வேலியளைக் கட்டாயம் பாருங்கோ. சீமெந்து இல்லை, கல்லுக்கு மேல கல்லு. குதிரையள் வெல்லைப் பக்கம் நிக்கும். வறட்சிக் காலம், உங்கட குடிதண்ணியை இஞ்ச இருந்தே கொண்டுபோங்கோ.

வாசுகி – 9.52
மாமா, நீங்கள் போய் வந்தது குமுதினிப் படகிலயோ?

குகன் மாமா – 9.58
ஓம். 1985 மே 15 அந்தப் படகிலதான் படுகொலை நடந்தது. இருபதுக்கு மேற்பட்ட சனம் செத்தது. மாவிலித்துறையில நினைவுத்தூபி இருக்கு. பெரியவளுக்குப் பன்ரெண்டு வயசாச்சுத்தானே, அதில ஒரு நிமிசம் நிப்பாட்டிச் சொல்லு.

வாசுகி – 9.59
சொல்லுறன் மாமா.

அம்மா – 10.03
நான் நெடுந்தீவுக்கு வரேல்லை. நயினாதீவுக்கு வருவன். நாகபூசணி அம்மாளிட்டப் போகாம நீங்கள் திரும்பினா எனக்கு நித்திரை வராது

சுதா சித்தி – 10.05
அக்கா உங்கட முழங்கால்??

குகன் மாமா – 10.11
நயினாதீவு 15, 20 நிமிசம்தான். பயணம் பிரச்சினை இல்லை, ஏறுறதுதான். படகு எழும்பி எழும்பி இறங்கும். மேல எழும்பி இறங்குதுறையோட சமனா வாற நேரம் பாத்துக் காலை வைக்கோணும், கீழ போகேக்க வைச்சா முழங்கால் போச்சு. படகுப் பொடியன் கையை நீட்டுவான். அவன்ர விரலைப் பிடிக்காம மணிக்கட்டைப் பிடிக்கோணும் அக்கா. உள்ளுக்குக் குனிஞ்சு இறங்கி எஞ்சினுக்குத் தள்ளி இருங்கோ, டீசல் மணம்தான் உங்களுக்குச் சத்தி கொண்டுவாறது.

தர்சன் – 10.13
பௌர்ணமியும் சனி ஞாயிறும் வேண்டாம். தெற்கில இருந்து நயினாதீவுப் புத்த விகாரைக்கு பஸ் பஸ்ஸா சனம் வரும். போன வருசம் லைனில ரெண்டு மணித்தியாலம் வெயிலில நிண்டன்

அம்மா – 10.14
கிழமை நாளில விடிய வெள்ளனப் போய் பூசை பாத்து, அமுதசுரபி மண்டபத்தில அன்னதானம் சாப்பிட்டிட்டு வருவம். மருமகனுக்குச் சொல்லு, உள்ளுக்குச் சேட் கழட்டோணும். வேட்டி நான் எடுத்து வைக்கிறன்

வாசுகி – 10.15
ஐயோ அம்மா, அவர் வெளிறிப்போவார் 😄

தர்சன் – 10.18
அக்கா, மூண்டாவது படகு வேணுமெண்டா என்னட்ட ஒண்டு இருக்கு. காரைநகர்–ஊர்காவற்துறைப் பாதை, அதான் அந்த மிதவைப் படகு. காசில்லை. வானை விட்டிட்டு சும்மா ஏறி நிண்டா ஒரு பத்து நிமிசத்தில அக்கரை, கடற்கோட்டையும் தெரியும். சின்னவனுக்கு வயித்தைப் பிரட்டுதோ எண்டு அதிலயே பாத்திடலாம்

குகன் மாமா – 10.20
இவன் இண்டைக்குத்தான் உருப்படியா ஒண்டு சொல்லியிருக்கிறான். முதல் பாதை, பிறகு நயினாதீவு. ரெண்டிலயும் பிள்ளை சத்தி எடுக்காட்டி நெடுந்தீவு. அதுக்கு ரெண்டு நாளை ஒதுக்கி வைச்சிரு. முதல் நாள் இரவு குறிகட்டுவானில எனக்குத் தெரிஞ்ச ஆளிட்டக் காத்துக் கேட்டுச் சொல்லுறன். வேண்டாமெண்டு சொன்னா வேண்டாம்தான், அழக்கூடாது.

வாசுகி – 10.22
பிள்ளையளோ நானோ?

குகன் மாமா – 10.22
நீ

தர்சன் – 10.24
வான் என்ர பொறுப்பு. நெடுந்தீவு நாள் விடிய 5.30க்கு வாசலில நிப்பன். பண்ணைப் பாலத்தால போய் வேலணை, புங்குடுதீவு. வழியில தேத்தண்ணிக்கு நிப்பாட்டேலாது

அம்மா – 10.31
தேசிக்காயும் சொப்பின் பையும் நான் எடுத்து வைக்கிறன். ஆளுக்கு ரெண்டு பை

தர்சன் – 10.32
பெரியம்மா நீங்கள் நெடுந்தீவுக்கு வரேல்லை எண்டனீங்கள்

அம்மா – 10.36
காத்தில்லாட்டி வருவன்