28 ஆடிப் பழகிய சித்திக்குத் துனீ சொல்லிக்கொடுப்பது எப்படி?

சாட்ஸ்வர்த் மருமகன்:
நாகர்கோவிலிலிருந்து சித்தி டர்பன் வந்திருக்கிறார். ஊரில் 28 என்ற சீட்டாட்டம் ஆடி ஊறினவர். இங்கே டர்பன் இந்தியர்கள் நாங்கள் நாலு பேர், இருவர் இருவராகச் சேர்ந்து ஆடும் சீட்டாட்டம் துனீ. ஜாக், 9, ஆஸ், 10, ராஜா, ராணி என்ற வரிசை இரண்டு ஆட்டத்துக்கும் ஒன்றுதானே, துனீ ஒரே நாளில் பிடிபட்டுவிடும் என்று நினைத்தோம். மூன்று இடத்தில் இடிக்கிறது.

துருப்பு தன் கையில் வந்ததும் தானே புள்ளி எண்ண ஆரம்பித்துவிடுகிறார். கால் (call, அதாவது ஏலம்) சொல்லும்போது 50, 60 என்று ஏற்றிவிடுகிறார். 9-ஐப் பொத்திப் பொத்தி வைத்து, கடைசியில் வெட்டுக்குக் கொடுக்கிறார். எங்கிருந்து தொடங்கலாம்?

கணக்குப்பிள்ளை:
முதல் இரண்டும் ஒரே சிக்கல்தான் தம்பி. 28-ல் ஏலம் என்பது வாக்கு: "18 கேட்டேன், 18 எடுத்துக் காட்டுகிறேன்." துனீயில் கால் என்பது விலை. துருப்பு வைக்கும் உரிமைக்காக எதிராளிக்கு நீங்கள் இனாமாகக் கொடுக்கும் புள்ளி அது. எண்ணுவது துருப்பு வைக்காதவர்கள். அவர்களுக்கு 105 வேண்டும். சித்தி 20 கால் சொன்னால் 85 போதும். 60 சொன்னால் 45. ஒரு ஜாக்கும் (30) ஒரு ஆஸும் (11) கிடைத்தாலே 41, கூட ஒரு 10 விழுந்தால் கதை முடிந்தது.

வாயால் சொன்னால் ஏறாது. காய்ந்த மொச்சையோ பொத்தானோ 10 எடுத்து, ஒன்றுக்கு 10 புள்ளி என்று மேசையில் வையுங்கள். கால் சொல்கிறவர் அத்தனை மொச்சையை எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும். இரண்டு ஆட்டத்தில் கை தானாகச் சுருங்கும்.

துருப்புக்காரராக இருந்தும் எண்ணாமல் இருக்க முடியவில்லை என்றால், எண்ணட்டும். மொத்தச் சீட்டுப் புள்ளி 304, கடைசிப் பிடிக்கு (ஆளுக்கொரு சீட்டு இறக்கும் சுற்று ஒரு பிடி) 10, ஆக 314. கால் இல்லாத ஆட்டத்தில் அவருக்கு 210 வேண்டும். 20 கால் சொல்லியிருந்தால் 230. எண்ணும்போது ஆஸையும் 10 என்றே வைத்துக்கொண்டு, எத்தனை ஆஸோ அத்தனை ஒன்றைக் கடைசியில் கூட்டச் சொல்லுங்கள். இரண்டு குவியலின் சீட்டுப் புள்ளியும் சேர்ந்து 304 வரவில்லை என்றால் யாரோ தப்பாக எண்ணியிருக்கிறார்கள்.

மெரிபேங்க் ஒன்பது:
9 சமாச்சாரத்துக்குக் காரணம் கட்டு. 28-ல் 32 சீட்டு, ஒரு சாதிக்கு (இஸ்பேட் மாதிரி ஒரே சின்னம்) எட்டு. துனீயில் 2 முதல் 8 வரை தூக்கிவிட்டால் மிச்சம் 24, ஒரு சாதிக்கு ஆறுதான். இஸ்பேட் ஒரு சுற்று வந்து நாலு பேரும் இஸ்பேட் போட்டுவிட்டால் பாக்கி இரண்டே இரண்டு. அடுத்த சுற்றில் குறைந்தது இரண்டு பேர் கையில் இஸ்பேட் இருக்காது. அந்த நேரத்தில் "ஜாக் போய்விட்டது, இனி என் 9 தான் பெரிசு" என்று இறக்கினால் வெட்டு விழும். 20 புள்ளி போச்சு.

ஆகவே ஒரே ஒரு பழக்கம்: பார்ட்னர் ஜாக் இறக்கினால் அதே சாதி 9-ஐ அந்தப் பிடியிலேயே ஏற்றிவிட வேண்டும். ஒரே பிடியில் 50. எதிராளி ஜாக் இறக்கினால், அந்தச் சாதியில் சின்னச் சீட்டு இருக்கும்வரை 9 கையிலேயே இருக்கட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள், நீங்கள் எழுதவில்லை, ஆனால் கட்டாயம் நடந்துகொண்டிருக்கும். 28-ல் ராஜா ராணிக்குப் புள்ளியே கிடையாது, குப்பை மாதிரி எறிவார்கள். இங்கே ராஜா 3, ராணி 2. மூன்று ஜாக்கும் ஒரு ஆஸும் வைத்திருந்தால் 101, தோல்வி. அதோடு ஒரு ராஜாவும் ராணியும் வந்தால் 106, வெற்றி.

ஃபீனிக்ஸ் அக்கா:
முதல் நாளே எல்லா விதியையும் கொட்டாதீர்கள். முதலில் கையைத் திறந்து வைத்து, துருப்பே இல்லாமல் ஆறு பிடி. வந்த சாதிக்கு அதே சாதி போடுவது அவருக்குத் தெரியும், அதைச் சரிபார்க்க ஒரு சுற்று போதும். பிறகு துருப்போடு, கால் இல்லாமல்: நாலு நாலு சீட்டு போட்டதும் போட்டவருக்கு வலப்பக்கம் இருப்பவர் துருப்பு வைக்கட்டும், அப்புறம் இரண்டிரண்டு. 28-ல் துருப்பு குப்புறக் கிடக்கும், கேட்டால்தான் திறக்கும். துனீயில் ஆட்டம் தொடங்கியதும் துருப்பு எல்லாருக்கும் தெரியும் என்பதை இங்கேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் திறக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருப்பார்.

இது படிந்த பிறகுதான் கால். அதையும் ஒரு வரியில்: முதல் நாலு சீட்டில் ஒரே சாதி ஜாக்கும் 9-ம் இருந்தால் 10 அல்லது 20 சொல்லலாம், இல்லாவிட்டால் பாஸ். இது கொஞ்சம் பயந்த ஆட்டம்தான், பரவாயில்லை.

தப்பான சாதி போட்டால் நாலு பால் (ball, ஆட்டத்தின் வெற்றிக் கணக்கு) அபராதம் என்பதையும் இப்போதைக்கு எடுத்து வையுங்கள். வந்த விருந்தாளியை அப்படிப் பிடிக்கக் கூடாது. அவரை எந்தப் பக்கம் உட்கார வைத்திருக்கிறீர்கள்? வேகமாக ஆடுகிறவரைப் பார்ட்னராக்காதீர்கள். நிதானமாக ஆடுகிறவர் எதிரே உட்காரட்டும்.

சாட்ஸ்வர்த் மருமகன்:
மொச்சை வேலை செய்தது! நேற்று 20-க்கு மேல் போகவில்லை. இப்போது ஜோடி கேட்கிறார். கையில் ராஜா ராணி இருந்தால் பார்த்ததும் "ஜோடி" என்கிறார். ஆட்டத்தின் பேரிலேயே உள்ள "துனீ" என்ற அறிவிப்பையும் எப்போது சொல்லித் தருவது?

கணக்குப்பிள்ளை:
பார்த்ததும் சொல்லக் கூடாது. முதல் பிடியோ மூன்றாம் பிடியோ தம் பக்கம் வந்த பிறகுதான் ஜோடி. ஒரே சாதி ராஜா ராணிக்கு 20, துருப்பில் என்றால் 40. எண்ணுகிற பக்கம் சொன்னால் அவர்கள் கணக்கில் கூடும். துருப்புப் பக்கம் சொன்னால் எதிராளி எட்ட வேண்டிய 105 அத்தனைக்கு உயரும், துருப்பு ஜோடி என்றால் 145. இதற்கும் மொச்சையே: ஜோடி சொன்னால் தள்ளின மொச்சையைத் திரும்ப இழுத்துக்கொள்ளலாம் என்று காட்டுங்கள்.

துனீ அறிவிப்பை விதியாக மட்டும் சொல்லிவையுங்கள். ஆறு பிடியும் தானே எடுக்க வேண்டும், முதலில் இறக்கும் சீட்டின் சாதியே துருப்பு, ஜெயித்தால் 4 பால். 12 பால் ஆட்டத்தில் அது மூன்றில் ஒரு பங்கு.

மெரிபேங்க் ஒன்பது:
ஜாக், 9, ஆஸ், 10 நாலும் ஒரே சாதியில், கூட வேறு சாதி ஜாக் இரண்டு. இப்படிக் கை வந்தால் மட்டும் சொல்லச் சொல்லுங்கள் தம்பி. 28-காரர்களுக்குத் துணிச்சல் ஜாஸ்தி.