பெற்றோல் மணம், ரீகோல், ரீகண்டிஷன் வாகனம்: கண்டதை எழுதுங்கோ

கந்தர்மடம்:
நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த ஒரு ஹைபிரிட் கார். ஜப்பானில ஓடி ரீகண்டிஷனா வந்தது, கொம்பனி பெயர் இங்க வேண்டாம். காலமை பெற்றோல் செற்றில ஃபுல் ராங்க் அடிச்சுப்போட்டு வெயிலில விட்டிருக்கினம். பின் ரயருக்கு முன்னால மண்ணில உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். சுத்தி நிண்ட எல்லாரும் ஏசித் தண்ணி எண்டுதான் சொன்னவை. ஏசித் தண்ணி முன் சீற்றுக்குக் கீழ விழும், அவ்வளவு பின்னுக்கு விழாது. விரலில தொட்டா சில்லெண்டு குளிர்ந்து உடன காய்ஞ்சு போகுது. நாலு முழம் தள்ளிக் கற்பூரச் சட்டி எரிஞ்சுகொண்டு கிடக்கு. முதல் அந்தச் சட்டியைத்தான் தூக்கினது.

பிறகு கீழ குனிஞ்சு பார்த்தா அடிப்பக்கம் முழுக்கச் செம்புழுதி. கனிஸ்டரின்ர (ராங்கில எழும்பிற பெற்றோல் ஆவியைக் கரியில பிடிச்சு வைக்கிற பெட்டி) கறுப்புப் பிளாஸ்ரிக்கில தலைமயிர் மாதிரி ஒரு கோடு, அந்தக் கோட்டில மட்டும் புழுதி நனைஞ்சு கறுத்துப் பிடிச்சிருந்தது. செசி நம்பரைப் போட்டுப் பார்த்தா ரீகோல் வேலை (பிழையான சாமானைக் கொம்பனி திருப்பிக் கூப்பிட்டு மாத்திறது) செய்யாமலே கப்பலேறி வந்திருக்கு. எப்பவும் அரை ராங்க் அடிக்கிற ஆளெண்டா இது கண்ணிலயே படாது.

ஏ9 ஓட்டம்:
ஓ, அந்த டென்ஸோ கொம்பனி செய்த பெற்றோல் பம்ப் ரீகோல்தானே? கிளிநொச்சி தாண்டி நடுறோட்டில என்ஜின் நிண்டுபோன ஒரு வாகனத்துக்கும் அதுதான். மணமும் இல்லை, கசிவும் இல்லை, அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்க இழுவை குறைஞ்சு போய் நிண்டது. பின்னால லொறி ஒண்டு ஹோர்ன் அடிச்சுக்கொண்டு வந்தது. எல்லாரும் பம்பை மாத்துங்கோ.

பார்ட்ஸ் மேசை:
அண்ணை, இரண்டையும் குழப்பாதேங்கோ. 2020இல தொடங்கின பம்ப் ரீகோலில பிரச்சினை ராங்குக்குள்ள இருக்கிற பம்பின்ர இம்பெல்லர் (பெற்றோலைத் தள்ளுற சுழல் சில்லு). அந்தப் பிளாஸ்ரிக்கின்ர அடர்த்தி குறைவு. பெற்றோலைக் குடிச்சு ஊதி, பம்பின்ர உடம்போட உரசி இறுகும். என்ஜின் நிக்கும், ஒரு சொட்டும் வெளியில வராது. கந்தர்மடம் சொல்லுறது 2016 யூனில ரொயோட்டா அறிவிச்ச கனிஸ்டர் ரீகோல் மாதிரியான சாமான். அது உலகம் முழுக்க 28 லட்சத்து 70 ஆயிரம் வாகனம், 2006 ஏப்ரலுக்கும் 2015 ஓகஸ்ற்றுக்கும் இடையில செய்தது. பிரியஸ், ஓரிஸ், கொரோலா எல்லாம் அதில வரும். கனிஸ்டரில வெடிப்பு வந்து, ராங்க் நிறைஞ்சிருக்கேக்க பெற்றோல் கசியலாம் எண்டதுதான் காரணம். பம்பை மாத்தி இதைத் திருத்த ஏலாது.

செசி நம்பர் பார்க்கிறதிலும் ஆக்கள் பிழை விடுகினம். அமெரிக்கத் தளத்தில 17 எழுத்து கேக்கும், ஜப்பான் உள்ளூர் வாகனத்துக்கு அது கிடையாது. சி.ஆர். எண்ட வாகனப் பதிவுப் புத்தகத்தில ZVW30, NHP10 எண்டு தொடங்கிற நம்பரை (இசட்.வி.டபிள்யூ.30, என்.எச்.பி.10) அந்தந்தக் கொம்பனியின்ர ஜப்பான் தளத்தில, நம்பருக்கு நடுவில வாற சின்னக் கோட்டுக்கு முன்னால உள்ளது ஒரு பெட்டியில, பின்னால உள்ளது மற்றப் பெட்டியில போடுங்கோ. ஜப்பான் எழுத்தை ஃபோனே மொழிபெயர்க்கும். ஜப்பானில ரீகோல் கடிதம் அங்கத்தைச் சொந்தக்காரருக்குத்தான் போகும். ஏலத்தில வித்துக் கப்பலேறின வாகனத்துக்கு யாழ்ப்பாணத்து விலாசத்துக்கு ஒண்டும் வராது. நாங்களேதான் தேடிப் பார்க்க வேணும்.

வடமராட்சி:
கசிவுக்கு இவ்வளவு பெரிய கதை வேண்டாம். பருத்தித்துறையில ஒரு பழைய வானின்ர ராங்கில ஊசித்துளை. பார் சவர்க்காரத்தை அழுத்தித் தேய்ச்சுவிட, சொட்டு நிண்டு நெல்லியடி மட்டும் ஓடினது. கனிஸ்டர் வெடிப்பெண்டா எப்பொக்சிப் பசை பூசினாச் சரி.

கோண்டாவில் கராஜ்:
தம்பி, சவர்க்காரக் கதை உண்மைதான். பெற்றோல் சவர்க்காரத்தைக் கரைக்காது, அதால தகர ராங்கில கராஜ் மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதோட சரி. எப்பொக்சியைக் கனிஸ்டரில பூசச் சொல்லி ஆருக்கும் சொல்லாதேங்கோ. அந்தப் பிளாஸ்ரிக்கில எப்பொக்சி ஒட்டாது, மேல படிஞ்சுதான் கிடக்கும். வெயிலில பிளாஸ்ரிக் விரிஞ்சு சுருங்க, ஓரத்தால கிளம்பும். பூசினவர் சரிபண்ணியாச்சு எண்டு திரும்ப ஃபுல் ராங்க் அடிப்பார். ஒட்டுப்போட்ட ஒரு கனிஸ்டர் இப்பவும் மேசையில கிடக்கு. எப்பொக்சி பாளம் அப்படியே நகத்தால கழண்டு வருது, கீழ வெடிப்பு முந்தினதை விட நீளம்.

முறை இதுதான். மணம் வந்தா முதல் ராங்கைப் பாதிக்குக் கீழ கொண்டுவாங்கோ. ஓடிக் குறைக்கிறதில்லை, கைப்பம்பால இழுத்து, நிலத்தில வைச்ச உலோகக் கானுக்குள்ள விடுறது. வாயால உறிஞ்ச வேண்டாம். பெற்றோல் ஆவி காத்தை விடப் பாரம், நிலத்தோட ஓடி மூலையில தேங்கும், அதால குழிக்குள்ள வைச்சு வேலை செய்யாதேங்கோ. ஹைபிரிட்டில ரெடி லைட் (வாகனம் ஓடத் தயார் எண்டு காட்டிறது) எரிஞ்சா என்ஜின் தன்பாட்டில ஸ்ரார்ட் எடுக்கும். ஸ்மார்ட் கீயை அஞ்சாறு மீற்றர் தள்ளிக் கொண்டுபோய் வைச்சிட்டு, 12 வோல்ற் பற்றறியின்ர மைனஸைக் கழட்டுங்கோ. சில மொடலில அந்தப் பற்றறி பின் டிக்கிக்குள்ள, கசிவுக்குக் கிட்ட இருக்கு, அதால முதல் கதவெல்லாம் திறந்து காத்து விடுங்கோ. ஹோல்டரில பல்ப் போட்ட லைட் கீழ கொண்டுபோக வேண்டாம், விழுந்து உடைஞ்சாப் பத்தும். பக்கத்தில பவுடர் எக்ஸ்ரிங்குவிஷர் ஒண்டு இருக்கட்டும். தண்ணி ஊத்தினா எரியிற பெற்றோல் மிதந்து பரவும்.

கனிஸ்டரில பொதுவா மூண்டு குழாய்: ராங்கில இருந்து வாறது, பிடிச்ச ஆவியை என்ஜினுக்கு விடுற பேர்ஜ் வால்வுக்குப் போறது, வெளிக்காத்து எடுக்கிறது. கழட்ட முதல் ரேப் ஒட்டி அடையாளம் போடுங்கோ, மாறிப் பூட்டினா வேற கரைச்சல். பழையதைக் கையில தூக்கிப் பாருங்கோ. பாரமாக் கிடந்தா பெற்றோல் குடிச்சிட்டுது. குலுக்கேக்க கரித்தூள் வந்தா பேர்ஜ் வால்வையும் பார்க்க வேணும், தூள் அங்க போய் அடைச்சிருக்கும். பிரிச்ச வாகனத்தில கழட்டின கனிஸ்டர் வாங்காதேங்கோ, அதுவும் அதே வெடிப்புள்ள தொகுதியில செய்ததா இருக்கலாம்.

பம்புக்காக ராங்கின்ர மேல்மூடியைத் திறந்தா ரப்பர் ஓரிங் கட்டாயம் புதுசு. பழையது பெற்றோலில ஊறி நீண்டு வரும், காடிக்குள்ள திரும்ப இருக்காது. இழுத்து அமத்திப் பூட்டினா அதுவே அடுத்த கசிவு. பூட்டி முடிய ஸ்ரார்ட் பண்ணாமல் இக்னிஷனை மட்டும் இரண்டு மூண்டு தரம் ஓன் பண்ணி, பம்ப் அழுத்தம் எடுக்கவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் ரிசுவால துடைச்சுப் பாருங்கோ. குயிக் கனெக்டர் கிளிக் எண்ட சத்தத்தை நம்பிவிடாமல் பின்னுக்கு இழுத்தும் பாருங்கோ.

இன்னொண்டு, ஒருத்தரும் கேக்கேல்லை எண்டாலும் சொல்லுறன். செற்றில நொசில் தானா நிண்டாப் பிறகு, ரவுண்டாக் காசு வரட்டும் எண்டு அமத்தி அமத்தி விடுறதை நிப்பாட்டச் சொல்லுங்கோ. நிலத்துக்குக் கீழ இருந்து வாற பெற்றோல் குளிர். 40 லீற்றர் 10 பாகை சூடேற, 0.4 லீற்றர் கிட்டக் கூடும். மேல வெறும் இடம் இல்லாட்டி அது கனிஸ்டருக்குள்ள போகும். கனிஸ்டர் ஆவிக்குச் செய்தது, திரவத்துக்கில்லை. அதோட ஹைபிரிட்டில என்ஜின் ஓடுற நேரம் குறைவு, கனிஸ்டரைத் துப்பரவாக்கிறதும் என்ஜின் ஓடேக்கதான்.

வடமராட்சி:
சவர்க்காரம் கராஜ் மட்டும் எண்டுதான் நானும் சொன்னது. எப்பொக்சியை விடுறன்.

தீவகம்:
எல்லாத்தையும் ரீகோலில போடாதேங்கோ. ஊர்காவற்றுறைப் பக்கம் ஓடுற வாகனங்களில உப்புக்காத்துத்தான் முதல் எதிரி. ராங்கில இருந்து முன்னுக்கு வாற இரும்புப் பைப்பைக் கிளிப் பிடிக்கிற இடத்தில பாருங்கோ. ரப்பருக்குள்ள உப்புத்தண்ணி நிண்டு, வெளியில பெயின்ற் நல்லாக் கிடக்க, உள்ள அரிச்சுப் போயிருக்கும். கிளிப்பைத் திறந்த ஒரு வானில பைப் வெங்காயச் சருகு போல உரிஞ்சு விரலோட வந்தது.

அரிச்ச துண்டை வெட்டிப்போட்டு ரப்பர் ஹோஸ் கொழுவி, புழுக்கிளிப் (ஸ்குரூ திருகி இறுக்கிற வளையம்) போட்டு இறுக்கி விடுகினம். இன்ஜெக்ஷன் வாகனத்தில அழுத்தம் 300 கிலோபாஸ்கலுக்கு மேல. புழுக்கிளிப்பின்ர பல் ஹோஸை வெட்டும், நேரான பைப்பில ஹோஸ் வழுக்கிக் கழண்டுபோம். கட்டாயம் ஹோஸ் எண்டா அதில இன்ஜெக்ஷன் ஹோஸின்ர தரக் குறியீடு ஜே30ஆர்9 எண்டு அச்சடிச்சிருக்கோ பாருங்கோ. ஆர்7 கார்பரேற்றர் வாகனத்துக்கு, தண்ணி ஹோஸ் ஒண்டுக்கும் ஆகாது. பைப் முனையில விளிம்பு எழுப்பி, இன்ஜெக்ஷன் கிளாம்ப் போட வேணும்.

பார்ட்ஸ் மேசை:
ஏஜென்ற்றிட்டைப் போறவை ஜப்பான் தளத்தில வந்த பக்கத்தை அச்சடிச்சு, சி.ஆர். பிரதியோட கொண்டுபோங்கோ. வெளியால இறக்கின வாகனத்துக்கு இலவசமோ காசோ எண்டதை வேலைக்கு விட முதல் எழுத்தில வாங்குங்கோ. புதுக் கனிஸ்டரின்ர பார்ட் நம்பர் பழையதின்ர அதே நம்பரா, கடைசி இலக்கம் மாறினதா எண்டும் கேளுங்கோ. திருத்தின சாமான் எண்டா அந்த இலக்கம் பெரும்பாலும் மாறியிருக்கும்.