லாச்சிக்குள் கிடந்த வற் பில் புத்தகம்

கொழும்பு புறக்கோட்டையில் பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். 2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய வென்றார். டிசெம்பர் முதலாம் திகதி வற் என்னும் பெறுமதி சேர் வரி 15 வீதத்தில் இருந்து 8 ஆனது. ஜனவரியில் அதைவிடப் பெரிய பரிசு: ஆண்டு விற்பனை 300 மில்லியன் ரூபாய் இருந்தால்தான் வற் பதிவு என்றார்கள். அதுவரை எல்லை 12 மில்லியன். எங்கள் கடை ஒரே நாளில் வரிக்கு வெளியே வந்துவிட்டது. பாதி எழுதிய பில் புத்தகத்தை மேசை லாச்சிக்குள் போட்டேன்.

விலையைக் குறைத்தோமா? ஒரு வாளிக்கு ஒரு ரூபாய்கூட இல்லை.

எங்கள் தெருவில் மூட்டை சுமக்கும் சிங்கள நாட்டாமி ஒருவர் கோட்டாபயவின் மொட்டுச் சின்னத்துக்குப் போட்டவர். "இனி எல்லாம் மலியும் தம்பி" என்று அன்று தேநீர் வாங்கித் தந்தார். நான் மொட்டுக்குப் போடவில்லை. தேநீரை மட்டும் குடித்தேன்.

அரசின் வரி வருமானம் விழுந்தது. அப்புறம் கொரோனா வந்து சுற்றுலா நின்றது, வெளியே கடன் கொடுக்க ஆள் இல்லை, காசை அச்சடித்தார்கள். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று கையை விரித்தார்கள். ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய், அதுவும் கிடைத்தால். ஜூலை 9 அன்று அதே நாட்டாமி சனம் புகுந்த ஜனாதிபதி மாளிகைப் பக்கம் போய்விட்டு, செருப்பில்லாமல் திரும்பி வந்தார்.

2024 ஜனவரியில் வற் 18 வீதம், பதிவு எல்லை 60 மில்லியன். லாச்சியைத் திறந்தேன், பழைய புத்தகத்தின் ஓரத்தைக் கரப்பான் தின்றிருந்தது. முதலாளி அப்போதைய ஜனாதிபதி ரணிலைத் திட்டாத நாள் இல்லை. பெற்றோல் வரிசையை ஒழித்தவர் அவர்தான் என்று கடையில் எல்லாரும் ஒத்துக்கொண்டோம், செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் யாரும் அவருக்குப் போடவில்லை. 17 வீதத்தோடு மூன்றாமிடம். 2019இல் 3 வீதம் எடுத்த இடதுசாரித் தலைவர் அநுரவுக்கு 42. சனம் இடதுசாரியாகிவிட்டது என்கிறார்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை. எங்கள் நாட்டாமிக்கு மார்க்ஸும் தெரியாது, லெனினும் தெரியாது.

இதைப் படித்துவிட்டு கிளிநொச்சியில் இருந்து ஒருவர் எழுதியது:

எங்கள் வீட்டுக் கதை பசளை. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்தார்கள். அந்தக் காலபோகத்தில் யூரியாவைக் கண்ணால் காணவில்லை, நெல் மஞ்சளடித்து நின்றது. அப்பா வரம்பில் குந்தியிருந்து ஒரு நெல் தாளைப் பிடுங்கி விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார், பேசவில்லை.

வாழ்நாள் முழுக்க தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்குப் போட்டவர் அவர். 2024 செப்டம்பரில் தமிழ்ப் பொது வேட்பாளரின் சங்குக்குப் போட்டார். நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் அநுர கட்சியின் திசைகாட்டிக்கு. கிளிநொச்சியும் அடங்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் அந்தக் கட்சிக்காரர் 6இல் 3 ஆசனம் எடுத்த தேர்தல் அது. இரண்டுக்கும் நடுவில், நெல்லுக்கான பசளை மானியம் எக்டேயருக்கு 15,000 ரூபாயில் இருந்து 25,000 ஆகும் என்று அறிவிப்பு வந்திருந்தது. அதனாலா என்று கேட்டால், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்கிறார்.